அந்த ஒரு வாரம்

திருவண்ணாமலை
6-1-1986

அன்புள்ள தம்பி மூர்த்திக்கு,

இங்கு நலம். நீ அனுப்பிய மாத்திரையை உன் மாமா மூன்று மாதமாகத் தவறாமல் சாப்பிடுகிறார். முதுகுவலிக்கென்று பிடித்து ஆறு வருஷம் விடாத பெத்தடின் ஊசி இப்போது நினைப்பிலேயே இல்லை. "மாத்திரை இருந்தா ஊசி போட்டாலும் போதை ஏறாதாமே, அப்புறம் எதுக்குக் கலா?"ன்னு சிரிக்கிறார். பௌர்ணமிக்கு மலை சுற்றி வந்தார்.

மாத்திரை மாதக் கடைசியோடு தீர்கிறது. நிறுத்தினால் மூளை பழையபடி ஆகிவிடுமா? நர்சு வேலை பார்த்தும் எனக்கு இது தெரியவில்லை. உன் ஆராய்ச்சியே இதுதானே, விவரமாக எழுது. நாலு வரியோடு நிறுத்திவிடாதே.

அக்கா சந்திரகலா

நியூயார்க்
20-1-1986

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா மலை சுற்றியது பெரிய சந்தோஷம். மாத்திரையைத் தாராளமாக நிறுத்தலாம். ஒரு வாரத்தில் மூளை பழையபடி ஆகிவிடும். கட்டுரை முடிக்கும் அவசரம், கோபிக்காதே.

மூர்த்தி

திருவண்ணாமலை
16-2-1986

தம்பிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். மாத்திரை நிறுத்திய நாலாம் நாள், வேங்கிக்கால் ரோட்டில் சைக்கிளோடு விழுந்து உன் மாமாவுக்குக் கால் முறிந்தது. கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்தும் வலியில் அலறினார். வீட்டில் மிச்சமிருந்த பழைய ஊசி மருந்து, வழக்கத்தில் பாதி அளவுதான் ஏறியது. தூங்குகிறார் என்று சோறு வடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மூச்சில்லை. மாரடைப்பாம்.

நாலு மாதம் மனுஷனாக இருந்தார். அந்தப் புண்ணியம் உனக்கு.

சந்திரகலா

நியூயார்க்
3-3-1986

அக்கா,

அந்தப் புண்ணியம் எனக்கு வேண்டாம். மாரடைப்பாக இருக்காது என்று நினைக்கிறேன்.

மூளை நரம்புகளில் அந்த ஊசி மருந்து வந்து ஒட்டும் இடங்கள் உண்டு. மாத்திரை அவற்றை அடைத்துவிடும். அடைத்தே வைத்தால் மூளை புதிதாக இன்னும் பல இடங்களை உண்டாக்கிக்கொள்ளும். மாத்திரையை நிறுத்தியதும் அத்தனையும் திறந்து கிடக்கும். அவை குறைய ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்தில் பாதி ஊசியே ஜாஸ்தி, மூச்சை நிறுத்திவிடும். எலிகளிடம் என் கண்ணால் பார்த்தேன். உனக்கு எழுதியபோதும் தெரியும். மாமாதான் ஊசியை விட்டுவிட்டாரே என்று எழுதாமல் விட்டேன்.

மறைத்து வைத்து அவரே போட்டுக்கொண்டிருப்பார். உன் மேல் தப்பே இல்லை, அக்கா. எல்லாம் என்னுடையது.

மூர்த்தி

திருவண்ணாமலை
20-3-1986

மூர்த்திக்கு,

ஊசி போட்டது நான். "ஒண்ணே ஒண்ணு கலா, தாங்க முடியலடி"ன்னு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பயந்து பயந்துதான் பாதி அளவு எடுத்தேன்.

மாரடைப்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது வார்டில் ஊசி போட வேறொரு நர்சை அனுப்புகிறேன். கேட்ட அன்றைக்குச் சொல்லாமல், கேட்காத அன்றைக்குச் சொல்லிவிட்டாய்.

எனக்கு இனிமேல் எழுதாதே. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டருக்கு எழுது, அந்த ஒரு வாரத்தைப் பற்றி, ஒன்றுவிடாமல். தமிழிலேயே எழுது. மற்ற நர்சுகளும் படிக்கட்டும்.

சந்திரகலா