கல் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி

என் மேஜையில் இருக்கும் சுருள் கல்லை இன்று தூசி தட்டி எடுத்து வைத்தேன். பக்கத்து சீட்டுப் பெண், "என்ன சார் இது, நத்தையா?" என்றாள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். மாப்ள, இதை என் கையில் கொடுத்த உன்னைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், உனக்குத் தெரியுமே.

அரியலூர் சிமெண்ட் ஆலையில் லாரிகளுக்கு வரிசை போட நாம் இருவரும் ஜாவாவில் எழுதிய புரோகிராம், ஓட ஆரம்பித்த வாரமே படுத்துவிட்டது. லாரிகள் ஜெயங்கொண்டம் ரோடு வரை நின்றன. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பழையபடி பேப்பர்தான் என்றார் மேனேஜர். நம் வேலையும் அதோடு போயிருக்கும். டேட்டாபேஸ் திணறுகிறது, பெரிய மெஷின் வாங்கச் சொல்லிவிடலாம் என்றேன் நான்.

நீ விடவில்லை. "டேட்டாபேஸ் தானா எதையும் கேக்காது மாப்ள. யாரு கேக்க வைக்கிறாங்கன்னு பாப்போம்." உள்ளே வரும் கோரிக்கைகளை ரகம் ரகமாகப் பிரித்தாய். ஆட்கள் திறக்கும் பக்கங்கள் தனி. அந்தப் பக்கங்கள் டேட்டாபேஸிடம் கேட்பவை தனி. தலைமை ஆபீஸ் மெஷினுக்குப் போகிறவை, தங்கள் முறைக்குக் காத்துக் கிடக்கிற தகவல்கள், அவையும் தனித்தனி. நாமே எழுதியதற்குள் இத்தனை பேச்சு நடக்கிறதா என்று மலைத்துப்போனேன். எல்லாத் தடமும் எடைமேடைக் கம்ப்யூட்டரில் போய் முடிந்தது.

"நடுவுல இடைவெளியே இல்ல பாரு. மனுஷன் இப்புடி கேக்க மாட்டான். மூச்சு வுடுவான்" என்றாய்.

போய்ப் பார்த்தோம். கிளார்க் சாப்பிடப் போயிருந்தார். கீபோர்டில் பக்கத்தைப் புதுப்பிக்கும் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டு, சுரங்கத்தில் கிடைத்த இந்தக் கல் உட்கார்ந்திருந்தது.

"வரிசை மாறுனா உடனே தெரியணும்ல சார், அதான் வச்சிட்டுப் போனேன்" என்றார் திரும்பி வந்தவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீயோ கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாய்.

"இங்கெல்லாம் கடலா இருந்தப்ப வாழ்ந்த ஜீவன் மாப்ள, கல்லாப் போயிருச்சு. இத்தன காலம் கழிச்சு வந்து, லாரி வந்துருச்சான்னு கேட்டுட்டு இருக்கு. சுப்ஹானல்லாஹ்."

உனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் தானே மாறும்படி செய்தாய். சனிக்கிழமை ஆலை கேட்டில் லாரி நெரிசல் இல்லை. கிளார்க்கிடம் கல்லைக் கேட்டு வாங்கி, என் கையில் வைத்தாய்.

உன் ஊர் லப்பைக்குடிக்காட்டில் உன்னை அடக்கம் செய்தபோது மண் போட்டதும் இதே கைதான். இப்போதும் வேலையில் எங்காவது சிக்கிக்கொண்டால், "மாப்ள, இது யாரு கேக்குறாங்க?" என்று உன்னிடம்தான் கேட்கிறேன். பதில் வராது. கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு மறுபடியும் கேட்கிறேன்.