நாற்பது நாள் மகள்

அன்பு மகளே,

இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காதவள், நாற்பது நாள் தவக்காலம் பிறந்ததும் தினமும் என் சைக்கிள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவருகிறாய். கிரீஸ் படிந்த சட்டையைக்கூடத் துவைத்துத் தருகிறாய். அதெல்லாம் சரி, என் அறுவை ஜோக்குக்கும் சிரித்தாயே, அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

உன் மாமியாரிடம் மெல்லப் போட்டு வாங்கினேன்.

"கறி மீனை விட்டா மட்டும் போதாது, யார் மூஞ்சியப் பார்க்கப் பிடிக்கலையோ அவங்களுக்குச் சேவை செய்யணும்னு பங்குச்சாமியார் சொல்லிட்டாரு சம்பந்தி" என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆக, உன்னையே வருத்திக்கொள்ள நீ எடுத்த ஒறுத்தல் முயற்சி நான்தான்! எட்டாம் வகுப்பில் கோட்டடித்துப் பெயிலான எனக்கே புரிந்துவிட்டது.

உன் கல்யாணத்தன்று வீம்புக்குக் கடை திறந்து பஞ்சர் ஒட்டியவனுக்கு இதுவே அதிகம்தான். ஆனாலும், தவக்காலம் முடிந்து ஈஸ்டருக்கு மறுநாளும் வருவாயா? சாப்பாடெல்லாம் வேண்டாம். ஆசை தீரத் திட்டிவிட்டுப் போ. எதிர்த்துப் பேச மாட்டேன்.

வழி பார்த்திருக்கும்
அப்பா