குள்ளம்மாள் காலில் சட்டிக்கரி

1938 ஆகஸ்ட் 9
மகள் குள்ளம்மாளின் கணுக்காலை வேலி முள் கிழித்த புண் இன்னும் ஆறவில்லை. ஐந்தாம் வகுப்பு தேறியவன் சும்மா இருக்கலாமா? அடுப்புச் சட்டியின் அடிக்கரியைச் சுரண்டி, விளக்கெண்ணெயில் குழைத்து அப்பினேன். "நம்ம இண்டூருக்கே வைத்தியரு கெடைச்சுட்டாருங்க" என்றாள் என் மனைவி காசியம்மாள்.

ஆகஸ்ட் 12
சீழ். வழித்துவிட்டு மறுபடியும் கரி.

ஆகஸ்ட் 15
முழங்கால் வரை வீக்கம். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. காசியம்மாள் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. விடிந்ததும் வண்டி கட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 16
தருமபுரி ஆஸ்பத்திரி. "புண்ணுல என்ன இது கருப்பா?" என்றார் டாக்டரம்மா தெரசா. சொன்னேன். சீழில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி, பூதக்கண்ணாடிக் குழாய் வழியாக என்னையே பார்க்கச் சொன்னார். உருண்டை உருண்டையாக என்னவோ.

"ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுங்க. உங்க பொண்ணுக்குக் காவல்காரங்க. கிருமியைக் கண்டா சுத்தி வளைச்சு, முழுசா உள்ள இழுத்து, செரிச்சிடும்."

"வாயே காணோமுங்களே?"

"உடம்பே வாய்தான்."

களி உருண்டையை மெல்லாமல் விழுங்குகிற எங்கள் ஊர்க்காரர்களேதான்! சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"உள்ள கருப்புப் புள்ளி தெரியுதா? உங்க சட்டிக்கரி. அதையும் முழுங்கியிருக்கு. கரி செரிக்காது. கிருமியத் தின்ன வேண்டிய வயித்துல நீங்க கல்லைப் போட்டு ரொப்பியிருக்கீங்க."

"காலு, டாக்டரம்மா?"

"கழுவிச் சுத்தம் பண்றேன். இனி அதுங்க ஜெயிக்கணும். வீக்கம் தொடைக்கு ஏறினா காலை எடுத்துடணும்."

முழங்காலுக்கு மேல் மையால் ஒரு கோடு போட்டார்.

ஆகஸ்ட் 18
அந்த மைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீக்கம் அதைத் தொட ஒரு விரல்கடைதான் பாக்கி. சாமிகளா, கிருமியத் தின்னுங்க. கரிய வுட்டுடுங்க — பெத்தவன் போட்டதாச்சேன்னு மரியாதைக்குத் தின்னாதீங்க. என்னைப்போல ஒரு முட்டாள் உண்டா?

ஆகஸ்ட் 20
அதே இடம். ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

ஆகஸ்ட் 22
கோட்டுக்குக் கீழே நாலு விரல் இறங்கிவிட்டது. பிள்ளை களி கேட்டாள்! "வூட்டுக்குப் போயி கிண்டித் தாரேன். உங்கப்பனை மட்டும் சட்டிகிட்ட வுட்டுடாத" என்றாள் காசியம்மாள். அப்பாடா, திட்டிவிட்டாள்.

1946 பிப்ரவரி 3
பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் குனிந்து பார்த்து, "கணுக்கால்ல என்னம்மா, பச்சை குத்தினதா?" என்றார்.

"ஆமாங்க அத்தை. எங்கப்பன் குத்தினது."

வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

தண்ணீர்ச் சொம்பை ஏந்தி, ஒரு சொட்டும் சிந்தாமல் நேராக நடந்து வந்தாள். காலில் அந்தக் கருப்பு அப்படியே. இத்தனை வருஷமாகியும் அந்தக் காவல்காரர்களுக்குச் செரிக்கவில்லை பாவம், துப்பவும் இல்லை.