டென்ஷன் சரியில்லை

மார்ச் 3, செவ்வாய்

லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தாண்டும்போது ‘டக்’ என்கிறது. பத்து முறை ஏறி இறங்கினேன். ஏழு முறை கேட்டது. முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவனின் காது. ஆனாலும் எழுபத்து நான்கு வயதுக் காது. நான்கு கம்பிக் கயிறுகளில் ஒன்று டென்ஷன், அதாவது இழுவிசை, குறைந்து தொய்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது. லிஃப்ட் அறுந்து விழாது. ஒருநாள் குலுங்கி நிற்கும், அவ்வளவுதான். ஆனால் என் மனைவிக்கு இடுப்பில் புது மூட்டு வைத்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. வியாழன்தோறும் சிகிச்சைக்கு ஐந்தாம் மாடியிலிருந்து அதில்தான் இறங்குகிறாள்.

வாசலில் உள்ள புகார் நோட்டில் எழுதினேன்: ‘டென்ஷன் சரியில்லை. தாமதித்தால் ஆபத்து. உடனே கவனிக்கவும்.’ கையெழுத்து, தேதி, வீட்டு எண்.

மார்ச் 5, வியாழன்

அவள் கையைப் பிடித்தபடி இறங்கினேன். ‘டக்.’

“விடுங்க, வலிக்குது. கல்யாணமான புதுசுலகூட இப்படிப் பிடிச்சதில்லை” என்றாள்.

மார்ச் 6

குடியிருப்புச் சங்கச் செயலாளர் என் மகனை நிறுத்திச் சொன்னாராம்: “அப்பாவுக்கு டென்ஷன் சரியில்லையாம். ஆபத்துன்னு அவரே எழுதி வச்சிருக்காரு. டாக்டர்கிட்ட காட்டுப்பா.”

எங்கள் அலுவலகப் படிவத்தில் ‘லிஃப்ட்’ என்று மேலேயே அச்சடித்திருக்கும். அந்தப் பழக்கத்தில் அந்த ஒரு சொல்லை விட்டிருக்கிறேன்!

“கயிறுடா, கயிறோட டென்ஷன்” என்றேன்.

“சரிப்பா, கயிறுதான். டாக்டரைப் பார்த்துட்டு வந்து பேசலாம்.”

மார்ச் 7

ரத்த அழுத்தம் 168. கயிறு விஷயத்தை டாக்டர் பொறுமையாகக் கேட்டார். “ரிட்டயர் ஆனப்புறமும் டியூட்டி பாக்குறீங்க சார். மூச்சை நல்லா இழுத்து விடுங்க.” இழுத்து விட்டேன். இதமாகத்தான் இருந்தது. அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை எழுதினார். இத்தனை பேர் சொல்கிறார்கள் — நான்தான் தவறோ?

மார்ச் 10

நோட்டில் திருத்தி எழுதலாம் என்று இறங்கினேன். செயலாளர் அங்கேயே நின்றிருந்தார். “என்ன சார், டென்ஷன் குறைஞ்சுதா?” சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பிவிட்டேன்.

ஏன் சிரித்தேன்?

மார்ச் 12, வியாழன்

இன்று ‘டக்’ கேட்கவில்லை. அல்லது கேட்டது, நான் பொருட்படுத்தவில்லை. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது.

மார்ச் 19, வியாழன்

காலை மாத்திரை போட்டதும் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். “தூங்கட்டும் பாவம்” என்று மகனே அவளை அழைத்துப் போயிருக்கிறான். மூன்றாம் மாடிக்குக் கீழே லிஃப்ட் நழுவி, குலுங்கி நின்றதாம். விழுந்துவிட்டாள். ஐயோ, நான் முழிச்சிருக்கக் கூடாதா? முழிச்சிருந்தா மட்டும் வாயைத் திறந்திருப்பேனா?

மார்ச் 21

ஆஸ்பத்திரி. புது மூட்டைச் சுற்றி எலும்பு பிளந்திருக்கிறது. இனி நடப்பது சந்தேகம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறார்கள். “நீங்க சொல்லிடுங்கப்பா, என்னால முடியாது” என்று வராந்தாவிலேயே நின்றுகொண்டான்.

உள்ளே போனேன். விழித்திருந்தாள்.

“வீட்டுக்குப் போனா என் நீலச் செருப்பை எடுத்துட்டு வாங்க. இந்தத் தரை வழுக்குற மாதிரி இருக்கு” என்றாள்.

சரி என்றேன்.