மூன்று மில்லிமீட்டர்

நவம்பர் 2

அன்புள்ள கோந்து,

இங்கே நான் நலம். நீயும் நலம் என்று நானே எழுதிக்கொள்ள வேண்டியதுதான், நீ ஒரு வரி எழுதி இரண்டு மாதமாகிறது. போனில் கூப்பிட்டால் உன் வார்டு மணி அடிக்கிறது, "அப்புறம் பேசறேன்டி" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. அதனால்தான் கடிதம். இதை எந்த மணியும் நிறுத்த முடியாது.

கல்யாணமாகி ஏழு மாதம். ஐம்பத்திரண்டு வயதில் புதுப்பெண் என்றால் பக்கத்து வீட்டுக்காரி இன்னும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கட்டும். உன் டிரைவர் அத்தான் நல்ல மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு, எடுக்க பஸ் இல்லாமல் வாசல் வரை போய்த் திரும்பி வருகிறார். ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிறார். அந்த டீத்தூள் அட்டைப்பெட்டிகளை எல்லாம் பிரித்து, தட்டையாக்கி, அலமாரிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறேன். "நான் பொண்டாட்டி கட்டினேனா, பழைய பேப்பர் கடையைக் கட்டினேனா?" என்கிறார்.

கிறிஸ்துமஸ் வருகிறதே! குழந்தைகள் வார்டில் முப்பது கட்டில். கட்டிலுக்கு ஒரு அட்டைப் பந்து, பந்துக்குப் பழைய பெட்டிகளில் வெட்டிய இருபது வட்டம். இருபத்திரண்டு வருஷமாக நான் வெட்ட, நீ ஒட்ட, சாப்பாட்டு நேரத்தில் என் ரெக்கார்டு ரூம் மேஜையில் செய்து முடித்தோம். அந்த ஆஸ்பத்திரியே நம்மைக் கத்திரி, கோந்து என்றுதானே கூப்பிட்டது. நான் வேலையை விட்டுவிட்டு வந்தாலும் ஜன்னல் பக்கத்து நாற்காலி என்னுடையதுதான். வேறு யாரையும் உட்கார விடாதே. நான் எப்போது கிளம்பி வர வேண்டும் என்று எழுது.

உன்
கத்திரி

நவம்பர் 9

அன்புள்ள கத்திரி,

திட்டிக்கொண்டே எழுதினாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

நீ சிரமப்பட்டு வர வேண்டாம். இரண்டு பஸ் மாற வேண்டும், உன் முழங்கால் வேறு. இந்த வருஷம் கைக்கு ஆள் கிடைத்துவிட்டது. மருந்து கொடுக்கும் இடத்துக்குப் புதிதாக ஒரு அம்மா மாற்றலாகி வந்திருக்கிறார். நம் வயதுதான். சாப்பாட்டு நேரத்தில் ரெக்கார்டு ரூமில் என்னோடு உட்காருகிறார். மாத்திரை எண்ணி எண்ணிப் பழகிய கை, துளி நடுக்கம் இல்லை. பரிசுப் பொட்டலத்தில் கட்டும் பெயர்ச்சீட்டுக்கு ஒரு யோசனை சொன்னார் பார், எனக்கு இத்தனை வருஷம் தோன்றவே இல்லை. காலி மாத்திரைப் பெட்டியின் வெள்ளைப் பக்கத்தைச் சீட்டாக நறுக்கி, பெயருக்குப் பக்கத்தில் ஒரு படமும் வரைகிறார். பூனை, பஸ், குடை. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் தன் பொட்டலத்தைத் தானே கண்டுபிடிக்கும். நேற்று மூன்றாம் கட்டில் பிள்ளை அந்தப் பூனைச் சீட்டைக் கையை விட்டு இறக்கவில்லை.

ஒரு உதவி செய். பந்துக்கு வட்டத்தின் மூன்று ஓரத்தையும் காது மாதிரி மடிக்க ஒரு முக்கோண அட்டை வைத்திருப்பாயே, அந்த அச்சு உன் பெட்டியோடு போய்விட்டது. அதை அனுப்பி வை. அல்லது புதிதாக ஒன்று வெட்டி அனுப்பு. உன் அளவு போல எங்களுக்கு வராது.

அன்புடன்
கோந்து

நவம்பர் 14

அன்புள்ள கோந்து,

உன் கடிதத்தில் அந்தப் புது அம்மா எத்தனை தடவை வருகிறாள் என்று எண்ணிப் பார்த்தேன். என்னைப் பற்றி முழங்கால் மட்டும்தான் இருக்கிறது.

இருபத்திரண்டு வருஷம் அந்தச் சீட்டுகளில் பெயர் எழுதியது இந்தக் கை. ஒரு பிள்ளையாவது தன் பொட்டலம் தெரியாமல் முழித்ததா? நான் வாசித்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். இப்போது பூனை வந்துவிட்டது, குடை வந்துவிட்டது. சரி, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடு. எந்த நாற்காலியில் உட்காருகிறாள் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அச்சு கேட்டாய், இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். புதிதாக வெட்டியது. அதை வைத்து அப்படியே மடியுங்கள், யாரும் கத்திரியைத் தூக்கிக்கொண்டு திருத்த வேண்டாம். மேலே ஐந்து வட்டம், கீழே ஐந்து, நடுவில் பத்து. உனக்குத் தெரியாததா, மகாராணிக்குச் சொல்கிறேன்.

கத்திரி

டிசம்பர் 3

அன்புள்ள கத்திரி,

உன் போன கடிதத்துக்கு உன்னோடு சண்டை போட நேரமில்லை. இங்கே நிலைமை மோசம்.

பந்து மூட மாட்டேன் என்கிறது. அறுநூறு வட்டமும் வெட்டி, காது மடித்து, பெட்டி பெட்டியாக அடுக்கிவிட்டோம். ஒட்டத் தொடங்கினால் மேல் மூடி சரியாக வருகிறது, நடுப்பட்டை வருகிறது, கடைசி இரண்டு வட்டம் சேரும் இடத்தில் வாய் பிளந்துகொண்டு நிற்கிறது. இழுத்து ஒட்டினால் மறுநாள் காலையில் பிரிந்து கிடக்கிறது. நாலு பந்து பிரித்து மறுபடி ஒட்டிப் பார்த்தோம், கதை அதேதான்.

அந்த அம்மா என்னமோ தன் மடிப்புதான் கோணல் என்று முடிவே செய்துவிட்டார். அளவு உன்னுடையது, ஒட்டியது நான், புதுக்கை அவருடையது. வேறு எப்படி நினைப்பார்? ஹெட் சிஸ்டர் வேறு எல்லோர் முன்னாலும், "மாத்திரை எண்ணற கைக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் ரெக்கார்டு ரூம் பக்கம் வருவதில்லை. மருந்து அலமாரிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறார். கூப்பிட்டால், "நீங்க பாருங்கம்மா, நான் கெடுத்ததே போதும்" என்கிறார்.

இருபத்துமூன்றாம் தேதி பந்து தொங்க வேண்டும். ஒன்றுகூட உருப்படியாக இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முடிந்தால் வாடி. உன் கண் பட்டால்தான் எங்கே தப்பு என்று தெரியும்.

கோந்து

டிசம்பர் 7

என் அன்புள்ள கோந்து,

கடிதம் கிடைத்ததும் அத்தானை அனுப்பி டிக்கெட் எடுத்துவிட்டேன். இருபதாம் தேதி காலை பத்தரைக்கு அங்கே இருப்பேன். முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது.

நான் அப்போதே சொன்னேனா இல்லையா? பழகின கை வேண்டும். அட்டை மடிப்பது என்ன மாத்திரை எண்ணுவதா? பாவம், அவளை ஒன்றும் சொல்லாதே. ஆர்வக்கோளாறு, வேறென்ன. பெயர்ச்சீட்டில் பூனை வரைந்துகொண்டிருக்கட்டும், அது நன்றாகத்தான் வருகிறது என்கிறாயே. பந்தை நாம் இரண்டு பேரும் மூன்றே நாளில் முடித்துவிடலாம். என்னிடம் அறுபது பெட்டிக்கு மேல் சேர்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் கட்டி எடுத்து வருகிறேன்.

ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஜன்னல் பக்கத்து நாற்காலியைத் துடைத்து வை.

உன்னுடைய
கத்திரி

டிசம்பர் 11

கத்திரி,

நாற்காலியைத் துடைத்தேன். பிறகு உட்கார்ந்து உன் அச்சின் மேல் ஸ்கேலை வைத்தேன். இத்தனை நாள் வைக்கவில்லை. உன் அளவை அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டு பக்கம் ஆறு சென்டிமீட்டர். மூன்றாவது பக்கம் மூன்று மில்லிமீட்டர் குறைவு.

கை தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு திருப்பினேன். பின்பக்கம் பென்சில் கோடு இருக்கிறது. மூன்று பக்கமும் சரியாக ஆறு. நீ கோட்டைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாய். வெட்டும்போது ஒரு முனையில் கோட்டுக்கு உள்ளே போயிருக்கிறாய். நீ கோட்டை விட்டு மயிரிழை விலகி வெட்டியும் நான் பார்த்ததில்லை.

அந்த அம்மாவிடம் உன் பெயரைச் சொல்லவில்லை. "அச்சை நான் பாதியில தொலைச்சுட்டேன், நானே ஒண்ணு வெட்டினேன், அதுதான் கோணல்" என்று சொன்னேன். முதலில் நம்பவில்லை. அப்புறம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். எட்டு நாள் வீட்டில் உட்கார்ந்து மடித்து மடித்துப் பார்த்தாராம், கையில் ஏதாவது வியாதியோ என்றுகூடப் பயந்துவிட்டாராம். மடிந்த அட்டையை மறுபடி நிமிர்த்த முடியாது. அறுநூறும் குப்பைக்குப் போனது. அவர் ஒவ்வொரு வார்டாகப் போய்க் காலிப் பெட்டி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இன்று வரை ஒன்பது பந்து மூடியிருக்கிறது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ மாலையும் கழுத்துமாகப் போனபோது நான் சிரித்த முகமாகத்தான் வழியனுப்பினேன். அதற்குப் பிறகு நாலு மாதம் அந்த மேஜையில் தனியாகச் சாப்பிட்டேன். நீ போனில் அத்தான் டீ, அத்தான் ஷூ என்று சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரியும். அதனால்தான் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவேன். எல்லா நேரமும் மணி அடிக்கவில்லை. அந்த மனிதர் மேல் நான் பட்ட பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர் டீயில் நான் உப்பைப் போடவில்லை.

உன் நாற்காலியில் அந்த அம்மா தானாக வந்து உட்காரவில்லை. நான்தான் கூப்பிட்டேன். தெரிந்துதான் வெட்டினாயா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது.

கோந்து

டிசம்பர் 15

கோந்து,

ஆமாம்.

தெரிந்துதான் வெட்டினேன். நாலு அட்டை வீணாக்கினேன். முதலில் ஐந்து மில்லிமீட்டர் குறைத்தேன், பார்த்தவுடன் தெரிந்துவிடும் போல இருந்தது. ஒன்று குறைத்தால் பந்து எப்படியோ மூடிக்கொள்ளும். மூன்றுதான் கண்ணுக்கும் தெரியாது, மூடவும் விடாது. உன் அத்தான் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, "ஒரே முக்கோணத்தை எதுக்கு நாலு தடவை வெட்டற?" என்று கேட்டார். அளவு சரியாக வரவில்லை என்று சொன்னேன்.

எனக்குப் பொறாமை, கோந்து. உன் கடிதத்தில் "இத்தனை வருஷம் தோன்றவே இல்லை" என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியில் தீப்பிடித்துக்கொண்டது. நான் வந்த பிறகும் நீ அங்கே அப்படியே இருப்பாய், என் நாற்காலி காலியாக இருக்கும், எனக்கு இங்கே ஒரு வீடும் அங்கே ஒரு இடமும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ யாரோடு சாப்பிடுகிறாய் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. அவள் தோற்றுப்போக வேண்டும், நீ என்னைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. நீ கூப்பிட்டபோது வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். அந்த அம்மா அழுததைப் படித்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

டிக்கெட் இன்னும் கையில் இருக்கிறது. நீ வராதே என்றால் வரமாட்டேன். பழியை நீ ஏற்றுக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் தைரியம் இல்லை. நீயே பக்குவமாகச் சொல்லிவிட்டாயானால் உனக்குப் புண்ணியமாகப் போகும். நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நீ மட்டும் நின்றால் போதும். திட்டு, பரவாயில்லை.

கத்திரி

டிசம்பர் 17

கத்திரி,

வா. பத்தொன்பது பந்து முடிந்திருக்கிறது, பதினொன்று பாக்கி. கை போதவில்லை. பெட்டிகளையும் மறக்காமல் எடுத்து வா.

இருபதாம் தேதி எனக்குக் காலை ட்யூட்டி. மாற்றிக்கொள்ளலாம், மாற்றவில்லை. பஸ் நிலையத்துக்கு அந்த அம்மா வருகிறார். நான் கேட்கவில்லை, அவராகவே லீவு போட்டிருக்கிறார். "முழங்கால் வலிக்காரங்க, மூட்டையோட எப்படி ஏறி இறங்குவாங்க?" என்கிறார். மூன்று நாளாக உன்னைப் பற்றித்தான் கேள்வி. எந்தக் கையால் வெட்டுவாய், பெரிய கத்திரியா சின்னக் கத்திரியா, தன் மடிப்பைப் பார்த்தால் திட்டுவாயா. தான் மடித்ததிலேயே நன்றாக வந்த ஒரு பந்தை உன்னிடம் காட்டத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.

நான் எதையும் பக்குவமாகச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உன்னைப் பற்றி அவரிடம் நல்லது மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

உயரமாக இருப்பார், மூக்குக்கண்ணாடி, பச்சைக் குடை. நீ தேட வேண்டாம். உனக்கு என்று ஒரு பெயர்ச்சீட்டு செய்து, அதில் கத்திரிப் படம் வரைந்து, கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கோந்து