தனித் தட்டு

அன்புள்ள அப்பாவுக்கு, ஸ்தோத்திரம். நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஒரு விஷயம், பதறாதீர்கள்; எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சாரத்தில் ஏறுகிறவர்களின் பாதுகாப்பு பெல்ட்டைக் காலையில் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை அல்லவா? போன வாரம் வெல்டர் அண்ணன் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். அவருடைய பெல்ட்டின் கொக்கி துருப்பிடித்திருந்தது. அவசரத்தில் நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"அவனே பெல்ட்டைக் கழட்டிட்டான்னு எழுதிக் கொடு. எல்லாரும் தப்பிச்சுக்கலாம், நீயும்தான்" என்றார் சூப்பர்வைசர். செத்தவர்மேல் பழி போடக் கை வரவில்லை. ஜெபம் பண்ணிவிட்டு நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதிகாரிகள் கட்டட வேலையை நிறுத்திவிட்டார்கள். என் பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது.

என் அறையில் இருக்கும் எட்டுப் பேருக்கும் வேலை போய்விட்டது. "பெரிய பரிசுத்தவான்! எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டியேடா" என்றார் கொத்தனார். இதுவரை சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டோம், பாத்திரமெல்லாம் அவர்களுடையது. இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. ஊரிலிருந்து அடுத்து வருகிறவரிடம் ஒரு தட்டும் சின்னச் சட்டியும் கொடுத்தனுப்புங்கள். அம்மா ஏன் என்று கேட்டால், பழையது ஓட்டையாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

சிலுவை சுமப்பதைப் பற்றி எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறீர்கள் அப்பா! தனியாகச் சாப்பிட வேண்டியிருக்கும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே.

விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகன்