மத்தாப்பு லேடியும் உன் போட்டோவும்

சிவகாசி
20-9-1961

அன்பு மகள் ஜெயசீலிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம், டெல்லியில் நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். தீபாவளி சீசன் என்பதால் எங்கள் லித்தோ அச்சாபீசில் மெஷின் நிற்பதில்லை. இந்த வருஷமும் மத்தாப்பு லேடிக்குத்தான் ஆர்டர் அதிகம். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு நான் வரைந்த லேபிள்தான், மறந்திருக்கமாட்டாய். முதலாளி ஒரு இங்கிலீஷ் பத்திரிகையைக் கொடுத்து அதிலிருந்த அமெரிக்க நடிகையை வரையச் சொன்னார். அந்த அம்மாள் பெயர் இன்றுவரை என் வாயில் சரியாக நுழையவில்லை. முகம் பிடிபடாததால் மதுரைக்குப் போய் அவள் படத்தை மூன்று தரம் பார்த்தேன். பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. படத்தில் ஊரே கூடி நின்று ஏசும்போது அவள் தலையைக் குனியாமல் ஒவ்வொருவரையும் நேராகப் பார்த்தாள், அது மட்டும் விளங்கியது. அதுவரை நான் வரைந்த பெண்களெல்லாம் கீழே பார்த்தவர்கள்தான். இவளை நேராகப் பார்க்கும்படி வரைந்தேன். முதலாளி என்னலே இவ நம்மளயே பாக்கா என்று தயங்கினார், ஆனால் லோடு லோடாகப் போனது. லேபிள் ஒட்டும் கருப்பம்மாள், இவள எந்த போர்மேனும் ஏச முடியாதுல்லா அண்ணாச்சி என்றாள். இப்போது எல்லா ஆபீசிலும் லேபிள் பெண்கள் நேராகத்தான் பார்க்கிறார்கள், அது யாரிடமிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாது. நீ அந்த லேபிளை உன் டிரங்குப் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருந்தாய், நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், போன சனிக்கிழமை காரியாபட்டியிலிருந்து பால்துரை வாத்தியார் வந்திருந்தார். மகன் நேசகுமாருக்கு உன்னைக் கேட்கிறார், பையனும் வாத்தியார் வேலைதான். நீ அனுப்பிய போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, பிள்ள நல்லாத்தான் இருக்கா, ஆனா நேருக்கு நேரா பாக்காளே, வீட்ல பொம்பளைக யோசிக்காக, கொஞ்சம் தலை குனிஞ்சாப்புல வேற போட்டோ இருந்தா குடுங்க என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன், உன்னிடம் அதை மறைக்க விரும்பவில்லை. மறுநாள் கோயில் முடிந்து வந்ததும் அம்மா, டெல்லிக்கு எழுதி வர நாளாகும், நீங்களே கண்ணக் கொஞ்சம் எறக்கி வரைஞ்சிருங்களேன், உங்களுக்கு இது ஒரு வேலையா என்றாள். வேலை இல்லைதான். இமையைத் தாழ்த்தி, கண்மணியைக் கீழே இறக்கினால் போதும், பத்து நிமிஷம். மை கரைத்துத் தூரிகையை எடுத்து உட்கார்ந்தேன். போட்டோவில் நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். மை காயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துவிட்டேன். எத்தனையோ முகத்தைத் திருத்தியிருக்கிறேன், இதில் கை வைக்க முடியவில்லை.

நேற்று லீவு சொல்லிவிட்டு விருதுநகரில் பஸ் மாறி காரியாபட்டிக்கே போனேன். போட்டோவை வாத்தியார் முன்னால் வைத்து, இதுதான் எம் மக அண்ணாச்சி, வேற போட்டோ கெடையாது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது, அப்ப நாங்க யோசிக்கணும் என்றார். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அம்மா இன்று காலைவரை என்னிடம் பேசவில்லை, நல்ல இடத்தைக் கெடுத்துவிட்டேனாம். அவள் கவலையும் நியாயம்தான், உனக்கு இருபத்திரண்டு முடிகிறது.

பஸ் புறப்படும் நேரத்தில் அந்தப் பையன் நேசகுமார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்து, இத அவுகளுக்கு அனுப்பிருவீகளா மாமா என்றார். மேலே உன் பெயர் இருப்பதால் நான் பிரிக்கவில்லை, இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்து வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் நீயே அவருக்கு எழுது. எங்களிடம் அப்புறம் சொன்னால் போதும்.

அங்கே குளிர் தொடங்குமுன் கம்பளிச் சட்டை வாங்கிக்கொள். ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுக்காதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, பையன் என்னை மாமா என்று கூப்பிட்டதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

உன் அன்பு அப்பா,
ஞா. சுந்தர்ராஜ்